ஓலையில் வாசித்த பேர்

பயப்படாதீங்க அண்ணாச்சி, அவ ஒண்ணும் செய்ய மாட்டா. முன் சீட்டுல சன்னலோரமா உக்காந்து வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டு வாராளே, அது என் தங்கச்சிதான். பிலோமி. நீங்க ஏறினதிலேருந்து அவளையே பாத்துக்கிட்டு வாரீங்க, அதான் சொல்லுதேன். அந்தோனியார் கோயிலுக்குப் போறோம். செவ்வாய்க்கிழமை தப்பாம கூட்டிட்டுப் போயிருவேன். நீங்களும் அங்கதானா? நேர்ச்சையா? நல்லது, நல்லது. இன்னும் நேரம் கெடக்கு. இந்த டிரைவர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நின்னு வழி விட்டுத்தான் ஓட்டுவாரு.

பிறவியிலேயே இப்படியான்னு எல்லாரும் கேப்பாங்க. மாதா சத்தியமா இல்ல. எங்க ஊரு சிலுவைத்துறையில அவளை மாதிரி சூட்டிகையான பிள்ளை கிடையாது. கோயில் பாட்டுக் குழுவுல அவதான் முதல் குரல். பிரசங்கம் நடக்கையில வெளிய போயி பீடி குடிக்கிறவன்கூட, இவ பாட ஆரம்பிச்சா பீடியை அணைச்சுட்டு உள்ள வந்துருவான். எங்க அப்பா கடலோட போனப்ப அவளுக்குப் பால்பல்லு விழல. அம்மாவும் பின்னாலயே போயிட்டாங்க. சோறு ஊட்டினது நான். தலை பின்னினது நான். சடை கோணலா இருக்குன்னு பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்களாம், அதுக்கும் அழுதுகிட்டு என்கிட்டதான் வருவா. அப்படி வளத்தேன் அண்ணாச்சி. அவதான் எனக்குத் துரோகம் பண்ணினா. அவ மட்டுமா, ஊரே பண்ணிச்சு. ஆனா ஊரு பண்ணினது கூட ஆறிப்போச்சு. இவ பண்ணினதுதான் இன்னும் இங்கின கெடந்து அறுக்குது.

சொல்லுதேன், கேளுங்க. நான் லாஞ்சு வச்சிருந்தேன், இஞ்சின் போட்ட பெரிய படகு. அப்பா பேர்ல ஓடின லாஞ்சு. எங்க ஊருக்குத் தெக்க ஆலடிமணல்னு ஒரு ஊரு. அவனுவ எல்லாம் சின்ன வள்ளம்போட்டு வலை விரிக்கிறவனுவ. கரையோரத்துல லாஞ்சு வரக்கூடாதுன்னு ரெண்டு ஊரும் பேசி வச்சிருந்தாங்க. நான் போகணும்னு போகல. நீரோட்டம் இழுத்துட்டு. ஒரு வலை கிழிஞ்சுபோச்சு. வலைன்னா கிழியத்தான் செய்யும். அதுக்கு ஆலடிமணல்காரன் எல்லாம் கம்பைத் தூக்கிட்டு வந்துட்டான். சண்டை வேண்டாம்னு எங்க ஊர்க் கமிட்டிக்காரங்களே என்னைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆக்கிட்டாங்க. லாஞ்சைக் கரையில கட்டிப் போட்டாச்சு. காஸ்பர் கடலுக்குப் போகக் கூடாது, காஸ்பர்கூட எவனும் போகக் கூடாது, மீன் ஏலத்துல நிக்கக் கூடாது. காஸ்பர்ங்கிறது நான்தான். கடல்காரனைக் கரையில உக்கார வச்சா அவன் என்ன ஆவான்? காலையில எந்திரிச்சு மத்தவன் லாஞ்சு போறதைப் பாத்துக்கிட்டு நிப்பேன். நாய்கூட என்னைப் பாத்து ஒதுங்கிப் போற மாதிரி இருக்கும்.

கிழிஞ்ச வலை யாருதுன்னு நெனைக்கீங்க? ஆலடிமணல் அந்தோனி பர்னாந்துக்குள்ளது. அந்த அந்தோனி மகன் பேரு தஸ்நேவிஸ். அவன்கூடத்தான் என் தங்கச்சி சிநேகம் வச்சிருந்தா. நான் லாஞ்சும் போயி, மானமும் போயி உக்காந்திருக்கேன். இவ ஆலடிமணல் கன்னியாஸ்திரி மடத்துக்குத் தையல் படிக்கப் போறேன்னு போயி, எதுத்த கொட்டகைச் சாய்ப்புல வலை முடையிறவனோட பேசிக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. சோத்துல உப்புப் போட்டு வளத்தவன் நானு. என் எதிரி வீட்டுப் பையன் அவளுக்கு இனிச்சிருக்கான்.

கேட்டேன். அடிக்கல. நான் அவளைக் கைநீட்டினதே கிடையாது, அதையும் சொல்லிக்கிடுதேன். உக்கார வச்சு நல்ல விதமாத்தான் கேட்டேன். அவளும் மறைக்கல. ரெண்டு பேரும் மாதா சுரூபத்துக்கு முன்ன சத்தியம் பண்ணிக்கிட்டாங்களாம். அவன் கொல்லத்துக்கு, மாசக்கணக்கா அங்கேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போயிருக்கானாம். திரும்பி வந்ததும் ஓலை குடுத்துருவானாம். "எங்க கோயில்ல என் பேரை வாசிச்சா அது உன் பேரோடதான் வாசிப்பாங்க பிலோமின்னு சொல்லியிருக்காருண்ணே. அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் நம்பாதன்னு சொல்லியிருக்காரு"ன்னா. அப்படிச் சொல்லும்போது அந்த முகத்தைப் பாக்கணுமே. எனக்குன்னு அந்த முகம் ஒரு நாளும் அப்படி மலந்தது கிடையாது.

ஓலைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? எங்க வேதத்துல கல்யாணம்னா சும்மா நடந்துராது. முன்னாடி ஞாயித்துக்கிழமைப் பூசையில சாமியாரு பீடத்துல நின்னு வாசிப்பாரு. இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும்னு. மூணு ஞாயிறு வாசிக்கணும். அதுதான் ஓலை. சாமியாரு வாயால வந்துட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது.

அந்தச் சமயத்துலதான் எங்க ஊர்த் தலைவரு, சூசை மிக்கேல், என்னைக் கூப்பிட்டு விட்டாரு. அவரு மகன் கிளாரன்ஸு. தங்கமான பையன். கொஞ்சம் குடிப்பான். இப்ப யாரு குடிக்கல? தலைவரு சொன்னாரு, "உன் தங்கச்சிய என் மகனுக்குக் குடு. என் சம்பந்தக்காரன் லாஞ்சை எவன் கட்டி வைப்பான்னு நானும் பாக்கேன்"னாரு. எனக்கு அந்த எடத்துலயே கண்ணு கலங்கிட்டு. ஊரு திரும்பி வருது. கடல் திரும்பி வருது. அப்பா லாஞ்சு மறுபடி ஓடும். அவளுக்கும் என்ன குறை? தலைவர் வீட்டு மருமகளா மாடிவீட்டுல இருப்பா. இதுல நான் எனக்காகப் பாத்தேன்னு சொல்லுதவன் வாயி அழுகிப்போவும்.

ஆனா இவ ஒத்துக்கிடல. சாப்பிடாம கெடந்தா. என்னைக் கடல்ல தள்ளினாலும் சரி, அவரு ஓலை என் பேரோட வாசிக்கிற வரைக்கும் இருப்பேன்னுட்டா. அதையே பிடிச்சுக்கிட்டா. ஓலை, ஓலை, ஓலை.

ஆலடிமணல்ல உள்ள தகராறு என்ன தெரியுமா? தடுக்கி விழுந்தா ஒரு தஸ்நேவிஸ் மேல விழணும். எங்க கடக்கரைப் பக்கம் பனிமய மாதாவுக்குப் பிள்ளையை ஒப்புக்குடுத்து அந்தப் பேரை வப்பாங்க. பேருக்குப் பின்னால எல்லாரும் பர்னாந்து. அப்பன் பேரும் ஒண்ணு அந்தோனி, இல்ல மிக்கேல், இல்ல சவேரி. அதனால ஊருக்குள்ள பட்டப்பேரு வச்சுத்தான் கூப்பிடுவாங்க. இவன் கூழைத் தஸ்நேவிஸ். குட்டையா இருப்பான். இன்னொருத்தன் இருக்கான், அவன் சங்குத் தஸ்நேவிஸ். முந்தி சங்கு குளிக்கப் போனவன். அவனுக்கும் அப்பன் பேரு அந்தோனிதான். ஊர்ல சொல்லும்போது குழப்பமே வராது. ஆனா பீடத்துல நின்னு சாமியாரு கூழை, சங்குன்னா வாசிப்பாரு? ஞானஸ்நானப் பேரைத்தான் வாசிப்பாரு. பிலோமிக்கு இது ஒண்ணும் தெரியாது. தன் பட்டப்பேரு கூழைன்னு எவனாவது விரும்புற பிள்ளைகிட்டப் போயி சொல்லுவானா?

சங்குத் தஸ்நேவிஸுக்குக் கல்யாணம் குதிர்ந்திருக்கு, வார ஞாயிறு முதல் ஓலைன்னு அந்த ஊரு உபதேசியாரு எதுக்கோ பேச்சு வாக்குல என்கிட்ட சொன்னாரு. உபதேசியாருன்னா கோயில் காரியம் பாக்கிறவரு. நான் கேட்டுக்கிட்டேன். அவ்வளவுதான். கேட்டுக்கிடுறது குத்தமா?

ஞாயித்துக்கிழமை காலையில பிலோமியை எழுப்பினேன். வா, ஆலடிமணல் கோயில்ல பூசை பாத்துட்டு வருவோம்னேன். அண்ணே, நெசமாவான்னா. நெசமாத்தான்னேன். நான் மனசு மாறிட்டேன்னு நெனைச்சுக்கிட்டா போல. அவளா நெனைச்சுக்கிட்டா, நான் சொல்லல. திருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கிட்டா. தலையில பூ வச்சுக்கிட்டா. அவ கையாலயே எனக்குச் சட்டை தேச்சுக் குடுத்தா. பஸ்ஸுல வழி முழுக்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா அண்ணாச்சி, சின்னப் பிள்ளையில வார மாதிரி.

பூசை முடியுற நேரம் சாமியாரு காகிதத்தை எடுத்தாரு. திருமண அறிக்கைன்னாரு. இந்தப் பங்கைச் சேர்ந்த அந்தோனி பர்னாந்து மகன் தஸ்நேவிஸ் பர்னாந்துவுக்கும்னாரு. இவ என்னைப் பாத்துச் சிரிச்சா. நான் அவன்கிட்டப் பேசி முடிச்சு, சொல்லாமக் கொள்ளாம இவளுக்கு ஓலை குடுத்திருக்கேன்னு நெனைச்சுட்டா பாத்துக்கிடுங்க. பெறகு சாமியாரு பொண்ணு பேரை வாசிச்சாரு. மணப்பாட்டுப் பக்கத்துல உள்ள ஏதோ ஒரு பிள்ளை பேரு. சிரிச்ச வாயி அப்படியே நின்னுட்டு.

வெளிய வந்து மணல்ல நின்னுகிட்டுக் கேட்டா. "அண்ணே, இது அவராண்ணே?"

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "உனக்குக் காது இருக்குல்லா? நீயே கேட்டேல்லா?"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆமான்னேனா? இல்லைன்னேனா? வாசிச்சது சாமியாரு. வாசிச்ச கல்யாணமும் நடந்துச்சு. அந்த ரெண்டு பேரும் இன்னிக்கும் பிள்ளை குட்டியோட இருக்காங்க. இதுல நான் சொன்ன பொய் எதுன்னு எவனாவது எடுத்துக் காட்டட்டும். அண்ணாச்சி, நான் செத்தாலும் பொய் சொல்ல மாட்டேன். எங்க அப்பா என்னை அப்படித்தான் வளத்தாரு.

அதுக்குப் பெறகு வீட்டுக்கு வந்து கிளாரன்ஸைக் கட்டிக்கிடுதியான்னு கேட்டேன், சரின்னு தலையை ஆட்டினா. எங்க கோயில்ல மூணு ஓலையும் வாசிச்சாங்க. தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு மூணு தடவையும் சாமியாரு கேட்டாரு. ஒருத்தரும் எந்திரிக்கல. இவளும்தான் எந்திரிக்கல. எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. தலைவரு சொன்ன சொல்லு மாறாம லாஞ்சை அவுத்து விட்டாரு. முத நாள் கடலுக்குப் போயி வந்த மீன்ல நல்ல பாரையா எடுத்து அவளுக்குத்தான் குழம்பு வச்சேன். தொடவே இல்ல.

கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டி மாலையும் மாத்தி ஜோடியா கோயில் வாசலுக்கு வாராங்க. அங்க கூழையன் நிக்கான். அவன் ஓலையைக் கேட்டுட்டுத்தான் பிலோமி இதுக்கு ஒத்துக்கிட்டான்னு கொல்லத்துல எவனோ சொல்லிக் கேட்டு, கட்டின சாரத்தோட பஸ் ஏறி வந்திருக்கான். மேலெல்லாம் மீன் நாத்தம். சத்தம் போடுவான், அடிக்க வருவான்னு நெனைச்சு நாலு பேரை நிப்பாட்டினேன். அவன் ஒண்ணும் செய்யல. அவளைப் பாத்து மெல்லத்தான் கேட்டான். "என்னை நம்பலையா பிலோமி? என் ஓலையை யாரு வாசிச்சா? நான் கொல்லத்துலல்லா கெடந்தேன்."

அவ அவனைப் பாக்கல அண்ணாச்சி. என்னைத் திரும்பிப் பாத்தா. அத்தனை கூட்டத்துல என்னையத்தான் பாத்தா. ஏதோ நான் பதில் சொல்லணுங்கிற மாதிரி. நான் எதுக்குச் சொல்லணும்? கல்யாணம் முடிஞ்சாச்சு. மேளத்தை அடிங்கலேன்னு பேண்டு செட்டுக்காரனைப் பாத்துக் கத்தினேன். அவனுவ அடிச்சானுவ. ஊர்வலம் நகந்துட்டு.

சாயந்தரம் தலைவர் வீட்டு முன்னால பந்தல்ல கேக்கு வெட்டினாங்க. ரெண்டு பேரும் சேந்து கத்தியைப் பிடிச்சு வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. ஆளுக்கொரு துண்டு குடுக்கையில இவ கத்தியைக் கீழ வைக்கல. மேடையில நின்ன மைக்கு முன்னால போயி நின்னா. பாடப் போறான்னு எல்லாரும் கையத் தட்டினாங்க. நானும் தட்டினேன். இவ பாடல. வாசிச்சா. சாமியாரு வாசிக்கிற அதே ராகத்துல, ஒரு எழுத்துப் பிசகாம. அந்தோனி பர்னாந்து மகன் தஸ்நேவிஸ் பர்னாந்துவுக்கும், சிலுவைத்துறை மரியான் பர்னாந்து மகள் பிலோமினாவுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும். சொல்லிட்டு நிப்பாட்டுவா. கூட்டத்தைப் பாப்பா. மறுபடி முதல்லேருந்து வாசிப்பா. ஸ்பீக்கர் ஊர்க்கோடி வரைக்கும் கட்டியிருந்துச்சு. கடக்கரையில நின்னவன் எல்லாம் ஓடி வந்துட்டான்.

கிளாரன்ஸு மைக்கைப் பிடுங்கப் போனான். கத்தியை ஒரு வீசு வீசினா. உள்ளங்கை பிளந்துட்டு. வெள்ளைச் சேலை, வெள்ளைக் கேக்கு, எல்லாம் ரத்தம். இவ அதைப் பாக்கக்கூட இல்ல, மூணாம் ஓலையை வாசிச்சுக்கிட்டு இருக்கா. அந்தப் பையனுக்கு இன்னிக்கும் ரெண்டு விரலு மடங்காது. அதுக்கு முன்ன எங்க வீட்டுக் கோழியை அறுக்கச் சொன்னாக்கூட கண்ணை மூடிக்கிடுவா அவ.

முடிஞ்சுது அண்ணாச்சி. தலைவரு வீட்டுச் சம்பந்தமும் போச்சு, ஊரும் போச்சு. லாஞ்சை மறுபடி கட்டி வச்சாங்க. உப்புக்காத்துல பலகை இத்துப்போயி அது கரையிலேயே சாஞ்சுட்டு. உபதேசியாரு வேற, என்னைச் சும்மா விடாம, நான்தான் காஸ்பர்கிட்ட சங்குத் தஸ்நேவிஸ் ஓலையைப் பத்திச் சொன்னேன்னு ஊரு முழுக்க ஒப்பாரி வச்சுட்டாரு. அந்த மனுசனுக்கு நான் எத்தனை தடவை மீன் குடுத்திருப்பேன். எல்லாரும் என் முகத்துல காறித் துப்பாத குறைதான். இவளுக்காக நான் பட்ட பாட்டை ஒருத்தன் நெனைச்சுப் பாத்தானா? அன்னிக்கு ஒரு நாள் இவ நாக்கைக் கட்டிக்கிட்டு இருந்திருந்தா, இன்னிக்கு நான் எங்க இருந்திருப்பேன், அவ எங்க இருந்திருப்பா? வளத்த அண்ணன் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டா. அதான் சொன்னேன், துரோகம்னு.

இருந்தாலும் நான் அவளை விட்டுட்டேனா? பத்துப் பதினஞ்சு வருசமா நான்தான் பாக்கேன். ஆஸ்பத்திரி மாத்திரையும் உண்டு, அந்தோனியார் கோயிலும் உண்டு. நான் குடுத்தாத்தான் சாப்பிடுவா. நான் படுன்னாத்தான் படுப்பா. இந்தா இப்பவும் வாய்க்குள்ள அந்த ஓலையைத்தான் வாசிச்சுக்கிட்டு வாரா.

கூழையனும் கல்யாணமே கட்டல. செவ்வாய்க்கிழமையானா கோயிலு ஸ்டாப்புல வந்து நிப்பான். முதல்ல அவகிட்டப் போயி, பிலோமி, நான்தான் வந்திருக்கேன், எனக்கு ஓலையே வாசிக்கல, அது வேற ஆளுன்னு சொல்லிப் பாத்தான். அவ கேக்கல. உபதேசியாரு வந்து சொன்னாரு. கேக்கல. அந்தச் சங்குத் தஸ்நேவிஸே பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு வந்து, அம்மா, அது என் ஓலைம்மான்னு அழுதுகிட்டு நின்னான். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "எங்க அண்ணனும் என்கூடத்தான் கேட்டாங்க. எங்க அண்ணன் சொல்லட்டும், நான் நம்புதேன்"னா.

பெறகு கூழையன் என்கிட்ட வந்தான். அத்தனை பேரு பாக்க என் காலைப் பிடிச்சான். "அண்ணே, பழசை எல்லாம் நான் கேக்கல. ஓலையில வந்தது நான் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லுங்க. அவ என்கூட வர வேண்டாம். தெளிஞ்சாப் போதும்"னான். கோயில் சாமியாரும் சொல்லத்தான் சொல்லுதாரு. பண்ணின பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வாரியா காஸ்பர்னு கேக்காரு. நான் எதுக்குப் பண்ணணும்? நான் இப்ப போயி அது இவன் இல்லைன்னு சொன்னா, அன்னிக்குப் பொய் சொன்னவன்னுல்லா ஆகும்? நான்தான் பொய்யே சொல்லலையே. உலகத்துல என்னை மனுசனா மதிக்கிறவ அவ ஒருத்திதான் அண்ணாச்சி. அவ வாயால அண்ணன் சொல்லட்டும்ங்கா. அதையும் நான் கெடுத்துக்கிடணுமா? கட்டுற சேலையிலேருந்து திங்கிற சோறு வரைக்கும் நான் பாக்கேன். அவன் வந்து ஒரு வார்த்தையில கூட்டிட்டுப் போயிருவானா? நல்லா இருக்கே கதை.

இந்தா, கோபுரம் தெரியுது. அடுத்த ஸ்டாப்புதான். ஏ பிலோமி, எந்திரிம்மா. கம்பியைப் பிடிச்சுக்கோ.

பாத்தீங்களா, வேப்ப மரத்தடியில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கான். அவன்தான். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு அவனுக்கு.

என்னம்மா? என்ன கேக்க? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரைச்சல்ல கேக்கல.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். இவ இப்படித் தெளிவாப் பேசி ரொம்ப நாளாச்சு.

யாரு, அங்க நிக்கவனா? அவரு மாதிரி இருக்கா? ஓலை வாசிச்சது அவருக்கு இல்லையான்னா கேக்க? அண்ணன் சொன்னா நம்புவியா? ம்.

அவருக்குத்தான் கல்யாணம் ஆயிட்டுல்லம்மா. இவன் வேற தஸ்நேவிஸ். இந்த ஊர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். நீ அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு.